இரண்டு கப்பல், ஒரே கடல், எந்தப் பட்டியலிலும் இல்லாத குருணை

2025 ஜூனில், காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்த நாட்களில், மன்னாரிலும் வடக்குக் கரையின் வேறு சில இடங்களிலும் வெள்ளை வெள்ளையாகச் சிறு மணிகள் ஒதுங்கத் தொடங்கின. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாரோ அரிசிக் குருணையைக் கொட்டிவிட்டுப் போனது போல இருக்கும். இலங்கையின் கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபை, இது மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பலிலிருந்து வந்திருக்கலாம் என்றது. அதே சமயத்தில் இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கரைகளிலும் தனுஷ்கோடியிலும் அதே மணிகள். இலங்கைக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. 2021-இல் கொழும்புக்கு எதிரே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்து மூழ்கியபோது, முழங்கால் அளவுக் குவியலாக இதே மணிகளை அள்ளிப் பழகியவர்கள் அவர்கள்.

இந்த மணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நர்டில். நான் குருணை என்றே எழுதுகிறேன், அளவிலும் தோற்றத்திலும் அதுதான் பொருந்துகிறது. குடமோ பையோ நாற்காலியோ, எந்தப் பிளாஸ்டிக் பொருளாக இருந்தாலும் பெரும்பாலும் முதலில் இந்தக் குருணையாகத்தான் பிறக்கிறது. பெட்ரோகெமிக்கல் ஆலையில் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் போன்றவற்றை 5 மில்லிமீட்டருக்கும் குறைவான மணிகளாக வெட்டி, 25 கிலோ மூட்டைகளாகக் கட்டி, கண்டெய்னரில் அடைத்து அனுப்புகிறார்கள். வாங்கும் கம்பெனி அதை உருக்கி அச்சில் வார்த்துக்கொள்ளும். தண்ணீரில் மிதக்கும், மட்காது, மீனுக்கும் கடற்பறவைக்கும் முட்டை போலத் தெரியும். மணலில் கலந்துவிட்டால் சல்லடை போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

கடலில் பிளாஸ்டிக் என்றதும் நம் பேச்சு உடனே கடற்கரையில் கிடக்கும் பாட்டிலுக்கும் கேரிபேக்குக்கும் போய்விடுகிறது. அதுவும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சட்டம் எங்கே ஓட்டையாக இருக்கிறது, பக்கத்து நாடுகள் எங்கே கைகோக்கத் தவறுகின்றன என்று பார்க்க வேண்டுமென்றால் இந்த இரண்டு கப்பல்களின் கதையைவிட நல்ல பாடம் கிடையாது. நான்கு வருட இடைவெளியில், ஒரே கடலில், கிட்டத்தட்ட ஒரே விபத்து.

எக்ஸ்-பிரஸ் பேர்ல் சிங்கப்பூர்க் கொடியில் ஓடிய புத்தம் புதுக் கப்பல். சேவைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 1,486 கண்டெய்னர்கள். அதில் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது, துபாயின் ஜெபல் அலியில் ஏற்றியது. அந்த அமிலம் கசிய ஆரம்பித்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் இந்தக் கண்டெய்னரை இறக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள், முடியாது என்று பதில். அப்புறம் குஜராத்தின் ஹசிராவில் கேட்டார்கள், அங்கேயும் முடியாது. கசிகிற அமிலத்தோடு கப்பல் இந்திய மேற்குக் கரை முழுவதையும் கடந்து 2021 மே 19 அன்று கொழும்புக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டது. மறுநாள் தீ. மே 25 அன்று பெரிய வெடிப்பு. ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. மாலுமிகள் 25 பேரும் உயிர் பிழைத்தார்கள். கடலுக்குள் போன குருணை சுமார் 1,680 டன். இதுவரை பதிவான பிளாஸ்டிக் குருணைக் கொட்டல்களிலேயே இதுதான் பெரியது என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. நீர்கொழும்பிலிருந்து பாணந்துறை வரை மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். அடுத்த வாரங்களில் செத்து ஒதுங்கிய ஆமைகள் மட்டும் நூற்றுக்கணக்கில்.

ஹமாத், ஹசிரா என்ற அந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அங்கே திரும்ப வருவேன்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். அந்த 1,486 கண்டெய்னர்களில் 81 மட்டும்தான் 'ஆபத்தான சரக்கு' என்று பட்டியலிடப்பட்டவை. கடலில் அபாயமான சரக்கை எப்படிக் கட்டணும், எங்கே வைக்கணும், பெட்டியின் மேல் என்ன குறி ஒட்டணும் என்பதற்கெல்லாம் சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று உண்டு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. அமிலம் அதில் இருக்கிறது, எரியும் திரவம் இருக்கிறது. பிளாஸ்டிக் குருணை இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அது அரிசி மூட்டை மாதிரி, சட்டைத் துணி மாதிரி சாதாரணச் சரக்கு. எனவே குருணைக் கண்டெய்னரை மேல்தளத்தின் ஓரத்தில், புயலடித்தால் முதலில் விழும் இடத்தில் அடுக்கினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. கப்பலில் குருணை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக்கூட சரக்குப் பட்டியலை வரி வரியாகத் துழாவ வேண்டும்.

சரி, கடலில் பிளாஸ்டிக் கொட்டக் கூடாது என்று சட்டமே இல்லையா? இருக்கிறது, அதுவும் பழைய சட்டம். மார்போல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கப்பல்வழி மாசுத் தடுப்பு ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் அமலில் இருக்கிறது. கப்பலிலிருந்து எந்தக் கடலிலும் எந்த வகைப் பிளாஸ்டிக்கையும் வீசக் கூடாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அது குப்பைக்கான சட்டம். சமையலறைக் கழிவு, பொதி கட்டிய உறை, கிழிந்த வலை இதையெல்லாம் வேண்டுமென்றே வீசுவதைத் தடுக்க எழுதியது. கப்பல் சேதமாகி, தடுக்க நியாயமான முயற்சி எல்லாம் எடுத்த பிறகும் எதிர்பாராமல் கொட்டியதற்கு அதிலேயே விலக்கு உண்டு. மூன்றாம் இணைப்பு பெட்டிகளில் வரும் அபாயச் சரக்குக்கானது, ஆனால் அது ஆபத்தான சரக்குப் பட்டியலையே நம்பி நிற்கிறது, அந்தப் பட்டியலில் குருணை இல்லை. ஆக, ஒரு மாலுமி வேண்டுமென்றே ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கடலில் எறிந்தால் குற்றம். 1,680 டன் குருணை கொட்டினால் அது விபத்து. ஒரு பக்கம் அடைத்த ஓட்டை மறுபக்கம் திறந்தே கிடக்கிறது.

பணத்தின் கதை இதைவிடச் சுவாரசியம். கப்பல் முதலாளிகளுக்கு 'பொறுப்பு வரம்பு' என்று ஒரு பாதுகாப்பு உண்டு. 1976-இல் செய்து 1996-இல் திருத்திய சர்வதேச ஒப்பந்தம் இது. சேதம் எவ்வளவு என்பது கணக்கே இல்லை, கப்பல் எவ்வளவு பெரியது என்பதை வைத்துத்தான் அதிகபட்ச இழப்பீடு. கடல் வணிகம் பயந்து நின்றுவிடக் கூடாது, காப்பீட்டு நிறுவனங்கள் கணக்குப் போட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்ற நியாயத்தில் உருவான ஏற்பாடு. அது முழுக்க அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன், வரம்பே இல்லையென்றால் காப்பீடு கொடுக்க ஆளிருக்காது. ஆனால் பேர்ல் விஷயத்தில் என்ன ஆனது? உரிமையாளர்கள் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய், எங்கள் பொறுப்பு இவ்வளவுதான் என்று 2023-இல் ஆணை வாங்கிக்கொண்டார்கள். தொகை சுமார் 1 கோடியே 90 லட்சம் பவுண்டு. இலங்கை அரசு அதே வருடம் சிங்கப்பூரில் தனியாக வழக்குப் போட்டது. விபத்து கொழும்பில், வரம்பு லண்டனில், வழக்கு சிங்கப்பூரில். நீர்கொழும்பில் வலையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு மீனவருக்கு இதில் எந்த ஊர் நீதிமன்றம் தன்னுடையது என்று யார் சொல்வார்கள்?

பிறகு 2025 ஜூலை 24 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நூறு கோடி டாலர் கட்டு என்றது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்து, தன் நாட்டு அதிகாரிகளின் அலட்சியத்தையும் விட்டுவைக்காமல் எழுதிய நீண்ட தீர்ப்பு அது. (இந்தக் கொள்கைக்கு நம் பக்கத்திலும் ஒரு ஊர்ப்பெயர் உண்டு. தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைப் பாழாக்கியது பற்றிய வேலூர் வழக்கில்தான், 1996-இல், இந்திய உச்ச நீதிமன்றம் அதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது.) கப்பல் நிறுவனமோ, நாங்கள் ஏற்கெனவே சிதைவை அகற்றவும் கரையைச் சுத்தம் செய்யவும் மீனவர்களுக்கு இழப்பீடாகவும் பெருந்தொகை செலவிட்டுவிட்டோம், வரம்பே இல்லாத இந்தத் தொகையைக் கட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு சரியா தவறா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, ஒரு சின்ன நாட்டின் உச்ச நீதிமன்றம் தன் எல்லைக்கு வெளியே இருக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து எப்படி வசூலிக்கும் என்பது.

எண்ணெய்க்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு மோசமில்லை. எண்ணெய்க் கப்பல் விபத்துக்கென்று 1970-களிலிருந்தே தனி ஒப்பந்தமும் தனி நிதியும் இருக்கின்றன. எண்ணெய் வாங்கும் கம்பெனிகள் அதில் பணம் போட்டு வைக்கின்றன, கப்பல் முதலாளியின் வரம்பைத் தாண்டிய சேதத்துக்கு அதிலிருந்து கொடுக்கிறார்கள். இரசாயனங்களுக்கு அதே மாதிரி ஒரு நிதி அமைக்க 1996-இல் ஒப்பந்தம் எழுதி, 2010-இல் திருத்தியும் விட்டார்கள். 2025 முடியும்போதும் அது அமலுக்கு வந்திருக்கவில்லை. வந்தாலும் அது அந்தப் பழைய ஆபத்துப் பட்டியலைத்தான் பார்க்கும், குருணைக்கு அதிலும் இடமில்லை.

எல்சா 3-க்கு வருவோம். லைபீரியக் கொடி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன கப்பல், 640 கண்டெய்னர்கள். 2025 மே 24 அன்று சாய்ந்தது, மறுநாள் மூழ்கியது. 24 பேரையும் கடலோரக் காவல்படையும் கடற்படையும் மீட்டன. 13 கண்டெய்னர்களில் அபாயச் சரக்கு, அதில் 12-இல் கால்சியம் கார்பைடு என்று அறிவித்தார்கள், எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். தண்ணீர் பட்டால் எரியும் வாயு வரும் என்பதால் பயம் நியாயம்தான். ஆனால் கரைக்கு வந்து சேர்ந்து மாதக்கணக்கில் மக்களைப் பெருக்க வைத்தது 'அபாயமில்லாத' சரக்கான குருணை. பேர்லில் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது, ஒரு வரி மாறவில்லை.

கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. இங்கே ஒரு நல்ல ஆயுதம் இருந்தது, 2017-இன் கடல்சார் வழக்குகள் சட்டம். மூழ்கிய கப்பலின் உரிமையாளருடைய இன்னொரு கப்பல் நம் துறைமுகத்துக்குள் வந்தால் அதை 'கைது' செய்து வைக்கலாம். சகோதரக் கப்பல் என்று அதற்குப் பெயர். விழிஞ்ஞத்தில் நின்ற எம்.எஸ்.சி. அகிட்டெட்டா 2 என்ற கப்பலை அப்படிப் பிடித்து வைத்தார்கள். பிறகு நீதிமன்றம் பிணைத்தொகையை 1,227.62 கோடியாக நிர்ணயித்தது. எம்.எஸ்.சி. உலகின் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல் நிறுவனம், விழிஞ்ஞத்துக்கு அடிக்கடி வந்து போகிற வாடிக்கையாளர். அதனால் கேரளாவுக்குப் பிடி கிடைத்தது. எல்லா விபத்திலும் அப்படி ஒரு பிடி கிடைக்காது.

இதில் எனக்கு உறுத்தும் விஷயம் என்னவென்றால், கேரளா தன் சேதத்துக்கு வழக்குப் போட்டது. மன்னாரில் ஒதுங்கிய குருணை அந்த வழக்கில் எங்கே வரும்? அது வேறு நாடு. நான்கு வருடம் முன்பு பேர்ல் குருணைக்கு இலங்கை போட்ட வழக்கிலும் மற்ற நாடுகளின் கரை இல்லை. கடல் நீரோட்டத்துக்கு நாட்டெல்லை தெரியாது என்று எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள், வழக்கு மனுவில் மட்டும் எல்லை மிகத் துல்லியமாக இருக்கிறது.

அப்படியானால் இந்தப் பிராந்தியத்துக்கு ஒரு பொது ஏற்பாடு இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 1982-இல் அமைத்த தெற்காசியச் சுற்றுச்சூழல் கூட்டுறவுத் திட்டம் என்ற அரசுகளுக்கிடையேயான அமைப்பு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து சாசெப் என்பார்கள். தலைமையகம் எங்கே தெரியுமா? கொழும்பில். பேர்ல் எரிந்த புகையைக் கரையிலிருந்து பார்த்த அதே கொழும்பில். இந்தியா, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், மாலத்தீவு ஐந்தும் சேர்ந்து 1995 மார்ச்சில் புதுடெல்லியில் தெற்காசியக் கடல்களுக்கான செயல்திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டன. அதன் செயலகமும் இதுதான். உலகில் இப்படிப் பல கடல் பிராந்தியங்களுக்குத் திட்டங்கள் உண்டு. பெரும்பாலானவை தங்களுக்கென்று சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. தெற்காசியாவிடம் அது இல்லை. செயல்திட்டம் உண்டு, வழிகாட்டுதல் உண்டு, பட்டறைகள் உண்டு, உலக வங்கிப் பணத்தில் 2020-இல் தொடங்கிய பிளாஸ்டிக் இல்லா ஆறுகள், கடல்கள் என்ற திட்டமும் உண்டு. செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று ஒரு நாடு இன்னொரு நாட்டைக் கேட்கும் உரிமை மட்டும் இல்லை.

ஒத்துழைப்பே கிடையாது என்று சொன்னால் அது அநியாயம். 2020 செப்டம்பரில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் டன் கச்சா எண்ணெயோடு இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் எரிந்தபோது, இந்தியக் கடலோரக் காவல்படையும் இலங்கைக் கடற்படையும் சேர்ந்துதான் அணைத்தன, சரக்கு எண்ணெய் கடலில் கொட்டாமல் தப்பியது. பேர்லுக்கும் இந்தியக் கப்பல்கள் போய்த் தீயணைத்தன, மாசு நீக்கும் கப்பலும் போனது. எண்ணெய், இரசாயனக் கசிவு வந்தால் எப்படிச் சேர்ந்து இயங்குவது என்று சாசெப் மூலமாக ஒரு பிராந்தியத் திட்டம் தயாராகி, அதற்கான உடன்படிக்கைக்கு இந்திய அமைச்சரவை 2018-இல் ஒப்புதலும் கொடுத்தது. தீ, எண்ணெய் என்றால் நாம் ஓடிப்போகத் தெரிந்தவர்கள். தீ அணைந்த பிறகு மிதந்து வரும் குருணைக்கு அந்தத் திட்டத்தில் தனி அத்தியாயம் வேண்டும், அதுதான் குறை. தவிர, பாக் நீரிணை என்று பேச்சு எடுத்தாலே கைது, படகு, இழுவை மடி என்று பேச்சுவார்த்தை முழுவதும் அங்கேயே போய்விடுகிறது (மீனவரின் வயிற்றுப் பிரச்சினை, அது முதலில் வருவதைக் குறை சொல்ல முடியாது), ஆனால் அந்த மேசையில் பிளாஸ்டிக்குக்கு நாற்காலி போடுவாரில்லை. சார்க் உச்சி மாநாடே 2014-க்குப் பிறகு நடக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஹமாத், ஹசிரா. கசிகிற கண்டெய்னரை ஒரு துறைமுகம் வாங்கிக்கொள்ள மறுப்பது அந்தத் துறைமுகத்தின் கோணத்தில் புரிகிறது. ஆள் வேண்டும், கருவி வேண்டும், ஏதாவது ஆனால் பொறுப்பு வேறு. ஆனால் இப்படி ஆளுக்கொரு பக்கம் தள்ளினால் பண்டம் கடைசியில் நிற்பவர் காலில்தான் விழும். 1982-இன் கடல் சட்ட ஒப்பந்தத்தில் 195-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு, யாரும் அதிகம் எடுத்துக்காட்டுவதில்லை. மாசைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்போது ஆபத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ மாற்றிவிடக் கூடாது என்று அது நாடுகளைக் கேட்கிறது. 198-ஆவது பிரிவு, ஆபத்து வரப்போகிறது என்று தெரிந்தால் பாதிக்கப்படக்கூடிய நாடுகளுக்கு உடனே சொல்ல வேண்டும் என்கிறது. வார்த்தை அருமை. ஆனால் கசிகிற கப்பல் வந்தால் எந்தத் துறைமுகம் ஏற்க வேண்டும், யார் முடிவெடுப்பார், செலவு யாருடையது என்று இந்தக் கடலில் முன்கூட்டியே பேசி வைத்தவர் யாருமில்லை.

ஐரோப்பாவுக்கு இந்தப் பாடம் அடிபட்டுத்தான் வந்தது. 2002 நவம்பரில் பிரஸ்டீஜ் என்ற எண்ணெய்க் கப்பல் 77,000 டன் கனரக எண்ணெயோடு ஸ்பெயினின் கலீசியாவுக்கு எதிரே உடைய ஆரம்பித்தபோது, அதை உள்ளே விடாமல் நடுக்கடலுக்குத் துரத்தினார்கள், போர்ச்சுகலும் விடவில்லை, கடைசியில் இரண்டாகப் பிளந்து மூழ்கி நீண்ட கடற்கரையைக் கறுப்பாக்கியது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் விதியை இறுக்கியது. ஆபத்திலிருக்கும் கப்பலுக்கு அடைக்கலம் கொடுப்பதை முடிவு செய்ய ஒவ்வொரு நாட்டிலும் சுயமாக முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட அமைப்பு இருக்க வேண்டும், திட்டம் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அதே கலீசியாவில் 2023 டிசம்பரிலிருந்து டோகோனாவோ என்ற கப்பலிலிருந்து விழுந்த ஒரே ஒரு கண்டெய்னரின் குருணை, சுமார் 1,000 மூட்டை, கரை ஒதுங்கியது. 26 டன்தான். பேர்லோடு ஒப்பிட்டால் அறுபதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. அதற்கே தேர்தல் மேடை வரை சண்டை நடந்தது. 2025-இல் ஐரோப்பிய ஒன்றியம் குருணை இழப்பைத் தடுக்க ஒரு தனிச் சட்டமே கொண்டு வந்தது, ஆலை, லாரி, கிடங்கு எல்லாம் அதில் அடங்கும், கடல்வழி கண்டெய்னரையும் சேர்த்துக்கொண்டார்கள். இலங்கை 1,680 டன்னை அள்ளிக்கொண்டு உலகத்தை எழுப்பப் பார்த்தது, ஐரோப்பா 26 டன்னுக்கே எழுந்துகொண்டது. இதில் கசப்பு இருக்கிறது, ஆனால் பாடமும் இருக்கிறது. அவர்களுக்கு எழுதிவைக்க ஒரு பொதுவான இடம் இருந்தது. மத்தியதரைக் கடல் நாடுகள் 1976-லேயே பார்சிலோனா ஒப்பந்தம் போட்டவை, 2013-இல் கடல் குப்பைக்கென்று சட்டப்படி கட்டுப்படுத்தும் பிராந்தியத் திட்டத்தை ஏற்றவை. அதில் ஒரே கரையில் பகையாளிகளும் இருக்கிறார்கள், இஸ்ரேலும் லெபனானும், துருக்கியும் கிரீஸும். இந்தியா-பாகிஸ்தான் சண்டையைக் காரணம் காட்டி இங்கே முடியாது என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

விபத்து இல்லாத நாட்களுக்கும் ஐரோப்பாவிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு எளிமையான விஷயம் உண்டு, பால்டிக் கடல் நாடுகள் வெகுகாலமாகச் செய்வது. துறைமுகத்துக்கு வரும் கப்பல் குப்பையை இறக்கினாலும் இறக்காவிட்டாலும் கழிவுக் கட்டணம் ஒன்றுதான், துறைமுகக் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். எடை போட்டு வசூலித்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் நடுக்கடலில் தள்ளிவிட்டுப் போவது இலவசமாயிற்றே. கட்டணம் முன்பே கட்டியாகிவிட்டது என்றால் அதைக் கரையில் இறக்காமல் போக எந்தக் கேப்டனுக்குப் பைத்தியமா? 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் இதை விதியாக்கினார்கள். கொழும்பு, தூத்துக்குடி, கொச்சி, சிட்டகாங் நான்கும் ஒரே நாளில் இதைச் செய்தால்தான் பலன். ஒரு துறைமுகம் மட்டும் செய்தால் சரக்கு பக்கத்துத் துறைமுகத்துக்கு நகர்ந்துவிடுமோ என்ற பயம் வரும். பிராந்திய ஒத்துழைப்பு என்ற பெரிய வார்த்தைக்கு நடைமுறையில் இந்த மாதிரிச் சின்ன அர்த்தம்தான்.

கரையில் என்ன நடக்கிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிந்ததுதான். மெல்லிய பாலித்தீன் பைக்கு முதலில் தடை போட்ட நாடு வங்கதேசம், 2002. தமிழ்நாடு 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது, இந்தியா முழுக்கத் தடை 2022 ஜூலை 1. இலங்கை 2021-இல் சிறு ஷாம்பு பாக்கெட் போன்றவற்றைத் தடுத்தது. சந்தைக்குப் போனால் தடையும் இருக்கிறது, பையும் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு வேறு பட்டியல், வேறு வேறு தடிமன் அளவு.

உலக அளவிலும் நிலைமை தொங்கலில்தான் இருக்கிறது. 2022 மார்ச்சில் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் சபை, பிளாஸ்டிக்குக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று முடிவெடுத்தது. புந்தா தெல் எஸ்தே, பாரிஸ், நைரோபி, ஒட்டாவா, பூசான் என்று ஊர் ஊராகப் பேசி, 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியபோதும் உடன்பாடு இல்லாமல் கலைந்தார்கள். உற்பத்தியையே கட்டுப்படுத்துவதா, கழிவை மட்டும் பார்த்துக்கொள்வதா என்பதுதான் சண்டையின் மையம். எண்ணெய் வளம் உள்ள நாடுகள் உற்பத்தியைத் தொடாதே என்கின்றன, இந்தியாவும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. அந்த ஒப்பந்தம் நாளைக்கே வந்தாலும், கப்பலில் குருணைக் கண்டெய்னரை எங்கே அடுக்குவது என்பதைக் கடல்சார் அமைப்புதான் தீர்மானிக்க வேண்டும்.

அங்கே என்ன நடந்தது? பேர்ல் மூழ்கிய வருடமே இலங்கை, குருணையை ஆபத்தான சரக்காக வகைப்படுத்துங்கள் என்று அந்த அமைப்பிடம் கேட்டது. விவாதம் வருடக்கணக்கில் போய் 2024-இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. நல்ல உறுதியான பொதியில் கட்டுங்கள், கண்டெய்னரில் குருணை இருக்கிறது என்று சரக்குத் தகவலில் தெளிவாகச் சொல்லுங்கள், முடிந்த வரை தளத்துக்குக் கீழே அல்லது மேல்தளத்தில் பாதுகாப்பான உட்பக்கத்தில் வையுங்கள். மூன்றும் நல்ல யோசனை. மூன்றுமே விருப்பமிருந்தால் செய்யலாம் என்ற வகை. இதைக் கட்டாய விதியாக்க எந்த வழியில் போவது என்று உபகுழுக்களில் பேச்சு தொடர்ந்தது. ஒரு விஷயம் மட்டும் கட்டாயமாகியிருக்கிறது, கடலில் கண்டெய்னர் விழுந்தால் பக்கத்துக் கப்பல்களுக்கும் கரையோர நாட்டுக்கும் உடனே சொல்ல வேண்டும் என்பது 2026 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. விழுந்த பிறகு சொல்வது.

விழுவதற்கு முன்னால் சொல்ல வைக்க உலகத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல் மாறும் இந்தியச் சரக்கின் பெரிய பங்கு கொழும்பில்தான் மாறுகிறது, இப்போது விழிஞ்ஞமும் அந்த வியாபாரத்துக்கு வந்துவிட்டது. இந்த வழியாகப் போகும் பெரிய கண்டெய்னர் நிறுவனங்கள் இந்த இரண்டு நாட்டுத் துறைமுகங்களையும் தவிர்த்துவிட்டு எங்கே போவார்கள்? உள்ளே வரும் ஒவ்வொரு கப்பலும் குருணைக் கண்டெய்னர் எத்தனை, எங்கே அடுக்கியிருக்கிறது என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், ஒன்று மேல்தளத்து ஓரத்தில் இருந்தாலும் நுழைவு கிடையாது என்று இரண்டு அரசும் சேர்ந்து ஒரு துறைமுக விதி போட்டால் போதும், கடல்சார் அமைப்பின் விருப்பச் சுற்றறிக்கை இந்தக் கடலில் கட்டாயமாகிவிடும். அதற்குப் புது ஒப்பந்தமோ உச்சி மாநாடோ தேவையில்லை, துறைமுக நுழைவு நிபந்தனை அந்தந்த நாட்டின் அதிகாரம்.

2025 ஜூனில் தனுஷ்கோடியில் மணலைச் சலித்தவர்களுக்கும் மன்னாரில் சலித்தவர்களுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடல். அள்ளியது ஒரே மாதிரிக் குருணை. இந்தக் கரையில் எவ்வளவு, அந்தக் கரையில் எவ்வளவு என்று இரண்டையும் கூட்டிப் போட ஒரு பொது ஏடு சாசெப் அலுவலகத்தில் திறக்கலாம். கொழும்பில்தானே இருக்கிறது.